குறும்பதிவுச் சேவைகளில் உரையாடல் இழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்விட்டர் என்ற பெயரில் 2006-இல் தொடங்கி இன்று எக்ஸ் என்று அழைக்கப்படும் சேவை, மாஸ்டடான், புளூஸ்கை, த்ரெட்ஸ், சீனாவின் வெய்போ ஆகியவற்றில் ஒரு பதிவுக்குக் கீழே பலர் பேசிக்கொள்ளும்போது, அந்தப் பேச்சு எப்படிச் சேமிக்கப்படுகிறது, எப்படிக் காட்டப்படுகிறது, யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்தக் கேள்வி-பதில் எழுதப்பட்டது. எந்தச் சேவையில் பேசுவது என்று யோசிப்பவர்களுக்கும், தங்கள் விவாதங்கள் ஏன் பாதியிலேயே சிதறிவிடுகின்றன என்று வருந்துபவர்களுக்கும் இது பயன்பட வேண்டும்.

உரையாடல் இழை என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

இரண்டு வேறு பொருள்கள் இந்த ஒரே பெயரில் வழங்குகின்றன. ஒருவர் தன் கருத்தை ஒரு பதிவில் அடக்க முடியாமல், தன் பதிவுக்குத் தானே பதில் எழுதி வரிசையாகத் தொடர்வது ஒன்று. ஒரு பதிவுக்குப் பலர் பதில் எழுத, அந்தப் பதில்களுக்கும் பதில்கள் வர, பேச்சு கிளைகளாகப் பிரிந்து வளர்வது மற்றொன்று. சேமிப்பு முறையைப் பொறுத்தவரை பெரும்பாலான சேவைகளில் இரண்டும் ஒன்றே, ஏனெனில் இரண்டிலும் ஒரு பதிவு தனக்கு முந்தைய பதிவைச் சுட்டுகிறது. வாசிப்பவருக்கோ இரண்டும் எதிரெதிரான தேவைகளைக் கொண்டவை: முதலாவதை இடையூறில்லாமல் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும், இரண்டாவதில் எந்தப் பதில் எதற்கு என்று தெரிய வேண்டும். இந்தப் பக்கம் பெரிதும் இரண்டாவதைப் பற்றியது.

ஒரு பதிலை அதன் முந்தைய பதிவோடு இணைப்பது எது? அதைப் பயனர்கள் அறிந்திருப்பது அவசியமா?

அவசியம் என்றே கருதுகிறேன். திரையில் தெரியும் கோடுகளையும் உள்தள்ளல்களையும் எந்த நேரத்திலும் மாற்றிவிடலாம், ஆனால் எழுதும் தருணத்தில் பதிவோடு சேர்த்து எந்தத் தகவல் சேமிக்கப்பட்டதோ அதை வைத்துத்தான் பின்னால் எவரும் உரையாடலை மீட்டெடுக்க முடியும்.

இதில் மின்னஞ்சல் ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்தது. ஒவ்வொரு பதில் அஞ்சலும் தான் எந்த அஞ்சலுக்குப் பதில் என்பதை மட்டுமல்லாமல், உரையாடலில் தனக்கு மேலே இருக்கும் அஞ்சல்களின் அடையாளங்களையும் வரிசையாகத் தன் தலைப்பகுதியில் சுமந்து செல்ல முடியும். ஆகவே நடுவில் ஓர் அஞ்சல் வந்து சேராமல் போனாலும், பின்னால் வந்தவற்றை வைத்து அந்த இடைவெளியின் இடத்தையாவது அறிந்துகொள்ளலாம்.

குறும்பதிவுச் சேவைகள் இந்த அளவுக்குப் போகவில்லை. மாஸ்டடான் போன்றவற்றின் சர்வர்கள் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில், பொதுவாக ஒரு பதில் தன் தாய்ப்பதிவின், அதாவது எதற்குப் பதிலோ அந்தப் பதிவின், முகவரியை மட்டுமே சுட்டுகிறது, அதற்கு மேலே போக வேண்டுமானால் ஒவ்வொரு படியாக ஏறியாக வேண்டும். புளூஸ்கையில் ஒவ்வொரு பதிலும் இரண்டு முகவரிகளைச் சேமிக்கிறது: தாய்ப்பதிவு ஒன்று, இழையைத் தொடங்கிய முதற்பதிவு ஒன்று. ட்விட்டரிலும் தாய்ப்பதிவின் சுட்டு இருந்தது. அதற்கு மேல் ஓர் உரையாடலின் எல்லாப் பதில்களுக்கும் பொதுவான உரையாடல் எண், அதாவது முதற்பதிவின் எண், 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஏபிஐயில் (பிறருடைய செயலிகள் சேவையின் தரவைப் பெறும் வழி) வெளியாருக்குக் கிடைத்தது. இந்தச் சிறிய வேறுபாடுகளிலிருந்துதான் கீழே பேசப்படும் பெரிய வேறுபாடுகள் பலவும் பிறக்கின்றன.

ட்விட்டர் தொடங்கியபோது பதில் சொல்லும் வசதி இருந்ததா?

இல்லை. எஸ்எம்எஸ் வழியாக அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்ட சேவை அது. ஓர் எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்துகளில் பயனர் பெயருக்கு 20-ஐ ஒதுக்கிவிட்டு மீதமுள்ள 140-ஐப் பதிவுக்கு வைத்தார்கள். நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நண்பர்களுக்கு அறிவிப்பதுதான் அதன் தொடக்க நோக்கம், அறிவிப்புக்கு மறுமொழி எதிர்பார்க்கப்படவில்லை.

பயனர்கள்தான் பெயருக்கு முன்னால் @ குறியிட்டு ஒருவரையொருவர் விளிக்கத் தொடங்கினார்கள். சேவை பின்னர் அதை ஏற்றுக்கொண்டு இணைப்பாக மாற்றியது. ஆனால் பெயரை விளிப்பதும் ஒரு குறிப்பிட்ட பதிவுக்குப் பதில் சொல்வதும் ஒன்றல்ல. வெறும் பெயர் மட்டும் இருந்தால், அந்த நபர் அன்றைக்கு எழுதிய பத்துப் பதிவுகளில் எதற்கு இந்தப் பதில் என்று மூன்றாம் நபருக்குத் தெரியாது. பதிவோடு பதிவை இணைக்கும் சுட்டு வந்த பிறகும், பல ஆண்டுகள் வாசகர் "இதற்குப் பதிலாக" என்ற இணைப்பை ஒவ்வொன்றாகச் சொடுக்கி மேலே ஏற வேண்டியிருந்தது. உரையாடலில் உள்ள பதிவுகளைக் கோட்டால் இணைத்து டைம்லைனிலேயே ஒன்றாகக் காட்டும் முறை 2013 ஆகஸ்டில்தான் வந்தது. பதிலில் விளிக்கப்படும் பெயர்கள் 140 எழுத்துக் கணக்கில் சேராது என்ற விடுதலைக்கு 2017 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் எல்லை 280 ஆனது, டிசம்பரில் ஒருவரே தொடர்பதிவுகளை ஒரே நேரத்தில் எழுதி வெளியிடும் பொத்தான் வந்தது. அதற்கு முன்னால் "1/", "2/" என்று கையால் எண்ணிட்டு எழுதிய வழக்கமும் பயனர்கள் உருவாக்கியதே.

இந்த வரலாற்றை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரையாடல் என்பது அந்தச் சேவையின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட கல் அல்ல, மேலே பின்னர் கட்டப்பட்டது. இன்றும் அங்கே பேசும்போது உணரப்படும் தடுமாற்றங்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

2009-இல் பதில்களைக் குறித்து எழுந்த எதிர்ப்பு எதனால்?

அதுவரை ட்விட்டரில் ஒரு விருப்பத் தேர்வு இருந்தது. நான் பின்தொடரும் ஒருவர், நான் பின்தொடராத இன்னொருவருக்கு எழுதும் பதில்களும் என் டைம்லைனில் தெரிய வேண்டுமா என்பதை நானே முடிவு செய்யலாம். 2009 மே மாதத்தில் நிறுவனம் இந்தத் தேர்வை நீக்கி, இருவரையும் பின்தொடர்ந்தால் மட்டுமே பதில் தெரியும் என்றாக்கியது. மிகச் சிலரே அந்தத் தேர்வைப் பயன்படுத்தினார்கள் என்பதும், அமைப்பின் மீது அது ஏற்றிய சுமையும் காரணமாகச் சொல்லப்பட்டன. பயனர்கள் ஹேஷ்டேக் வைத்துக் கடுமையாக எதிர்த்தார்கள்.

எதிர்த்தவர்களின் வாதம் வலுவானது என்பதே என் முடிவு. நண்பர் ஒருவர் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதைக் காதில் வாங்கித்தான் புதிய மனிதர்கள் நமக்கு அறிமுகமாகிறார்கள். அந்த வழியை அடைத்தால் உரையாடல் ஏற்கெனவே அறிந்தவர்களுக்குள்ளேயே சுழலும். மாறாக, எல்லாப் பதில்களும் தெரிந்தால், தொடக்கம் தெரியாத அரைகுறைப் பேச்சுகளால் டைம்லைன் நிரம்பிவிடும் என்பதும் உண்மை. மாஸ்டடானும் பின்னாளில் முகப்பு டைம்லைனில் இதே கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுத்தது. இருவருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லாத இடத்தில் பயனரிடமே முடிவை விட்டிருக்க வேண்டும்.

அதே காலத்தில் இதைவிட நன்றாகச் செய்த சேவைகள் இருந்தனவா?

இருந்தன. ஃபின்லாந்தில் 2006-இல் தோன்றிய ஜைக்கூவில் ஒவ்வொரு குறும்பதிவுக்கும் கீழே அதற்குரிய கருத்துகள் தனியாகச் சேர்ந்தன. 2007-இல் கூகுள் அதை வாங்கியது, 2012 ஜனவரியில் மூடியது. 2007-இல் தொடங்கிய பவுன்ஸில் பதில்கள் பதிவோடு சேர்ந்தே இருந்தன, அது 2008 டிசம்பரிலேயே மறைந்தது. 2008 மே மாதம் வந்த பிளர்க்கில் பதிவுகள் கிடைமட்டமான காலக்கோட்டில் அமைய, ஒவ்வொன்றுக்கும் உரிய பதில்கள் அதன் கீழே திறந்தன. தைவானில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

இவற்றுள் ஃப்ரெண்ட்ஃபீடைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2007-இல் கூகுளிலிருந்து விலகிய பொறியாளர்கள் தொடங்கிய அந்தச் சேவையில், யாராவது கருத்து எழுதினால் அந்தப் பதிவு மீண்டும் பட்டியலின் உச்சிக்கு வந்தது. நேற்றைய நல்ல பேச்சு இன்றைக்கும் உயிரோடு இருந்தது. ட்விட்டரில் புதியது பழையதைக் கீழே தள்ளிக்கொண்டே போக, ஃப்ரெண்ட்ஃபீடில் பேசப்படுவதே மேலே நின்றது. உரையாடலை மதிக்கும் வடிவமைப்பு என்று நான் எடுத்துக்காட்ட விரும்புவது இதைத்தான். 2009 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அதை வாங்கியது, 2015 ஏப்ரலில் அது மூடப்பட்டது.

2008 ஜூலையில் எவான் புரோட்ரோமு தொடங்கிய ஐடென்டிகா, கட்டற்ற மென்பொருளில் இயங்கியது. ஒரு பதிலிலிருந்து அது இடம்பெற்ற முழு உரையாடலுக்கும் போகும் இணைப்பை அது தந்தது. வெவ்வேறு சர்வர்களில் இருப்பவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கூட்டமைப்புச் சிந்தனையும் அங்கிருந்தே வளர்ந்து மாஸ்டடான் வரை வந்தது.

வெய்போவில் பதிலும் மறுபகிர்வும் எப்படி வேறுபடுகின்றன?

2009 ஆகஸ்டில் தொடங்கிய சீனா வெய்போ, ட்விட்டரின் நகல் என்று பலரால் எண்ணப்பட்டாலும், உரையாடலில் வேறு பாதையில் சென்றது. அங்கே பதிவின் கீழே எழுதப்படும் கருத்து தனிப் பதிவு ஆவதில்லை, அது அந்தப் பதிவுக்கு உரிய கருத்துப் பகுதியில் தங்கும். தன்னைப் பின்தொடர்பவர்களுக்கும் அதைச் சொல்ல விரும்பினால், கருத்தோடு சேர்த்து மறுபகிர்வும் செய்யலாம். ஆகவே "இங்கே இருப்பவர்களிடம் பேசுகிறேன்" என்பதும் "என் வட்டத்தாரிடம் இதைக் காட்டுகிறேன்" என்பதும் வெவ்வேறு செயல்களாக நிற்கின்றன.

மறுபகிர்வில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒருவர் தன் சொற்களைச் சேர்த்து மறுபகிர்வு செய்ததை மற்றொருவர் மேலும் பகிரும்போது, முந்தையவரின் சொற்கள் அவருடைய பெயரோடு சாய்கோடுகளுக்குப் பின்னால் அதே வரியில் சங்கிலியாகத் தொடர்கின்றன. ஒரே பார்வையில் பேச்சின் வழித்தடம் தெரிவது இதன் அழகு. அந்தச் சங்கிலி வெறும் உரையாகவே இருந்ததால், அடுத்து வருபவர் முன்னவரின் சொற்களை வெட்டவோ மாற்றவோ முடிந்தது இதன் ஆபத்து.

பதில்களைக் கிளை கிளையாக உள்தள்ளிக் காட்டினால் குழப்பம் தீராதா?

தீரும் என்று ட்விட்டரும் நம்பியது. 2019-இல் தனியான சோதனைச் செயலி ஒன்றை வெளியிட்டு, பதில்களை உள்தள்ளியும் கோடுகளால் இணைத்தும் காட்டிப் பார்த்தது, அதன் சில கூறுகளை 2020-இல் முதன்மைச் செயலியிலும் சோதித்தது. 2020 டிசம்பரில் அந்தச் சோதனையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. கோடுகளும் உள்தள்ளல்களும் உரையாடலைப் படிப்பதையும் அதில் சேர்வதையும் கடினமாக்கின என்று பயனர்கள் கூறியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கைப்பேசித் திரையின் அகலம் இதில் பெரிய தடை. ஐந்தாறு படிகள் உள்ளே போனபின் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே கொள்ளும். தமிழ் போன்று நீண்ட சொற்கள் கொண்ட மொழியில் ஒரு சொல்லுக்கே ஒரு வரி போதாமல் போகலாம். எனினும் உள்தள்ளலே தவறு என்று முடிவு கட்டுவது சரியல்ல. புளூஸ்கை, நேர்வரிசையாகவோ கிளைகளாகவோ பார்க்கும் தேர்வையும், பழையவை முதலில், புதியவை முதலில், அதிக விருப்பம் பெற்றவை முதலில் என்று வரிசைப்படுத்தும் தேர்வையும் பயனருக்குத் தருகிறது. மாஸ்டடானின் இணையப் பக்கம் கிளைகளின் வரிசையைப் பின்பற்றினாலும் உள்தள்ளாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. அதனால் ஒரு கிளை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் கவனமாகப் பார்க்காவிட்டால் தவறவிடுவோம். மாஸ்டடானுக்காகப் பிறர் எழுதிய செயலிகளில் சில இதை உள்தள்ளிக் காட்டுகின்றன, வேறு செயலிக்கு மாறிக்கொள்ளும் உரிமை அங்கே பயனருக்கு இருக்கிறது. ட்விட்டரிலும் அந்த உரிமை ஒருகாலத்தில் இருந்தது, 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புச் செயலிகளுக்கு அது மறுக்கப்பட்டது.

மாஸ்டடானில் ஒரே பதிவைப் பார்க்கும் இருவருக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் பதில்கள் தெரிவது ஏன்?

மாஸ்டடானைப் பற்றி மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஓய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட இந்த மென்பொருள் ஒரே நிறுவனத்தின் ஒரே கிடங்கில் இயங்குவதில்லை, ஆயிரக்கணக்கான சர்வர்கள் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு பதில், எழுதியவரின் சர்வரில் பிறக்கிறது. அங்கிருந்து விளிக்கப்பட்டவரின் சர்வருக்கும், எழுதியவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்கும் போகிறது. உங்கள் சர்வரில் அவரைப் பின்தொடர்பவர் ஒருவரும் இல்லையென்றால், அந்தப் பதில் உங்கள் சர்வரை அடையாமலே போக வாய்ப்பு அதிகம்.

மேலே ஏறுவது எளிது, கீழே இறங்குவது கடினம் என்பதே இதன் சுருக்கம். பதிலில் தாய்ப்பதிவின் முகவரி இருப்பதால், சர்வர் அதைப் பின்பற்றித் தொடக்கம் வரை போய்விட முடிகிறது. ஒரு பதிவுக்கு யார் யார் பதில் எழுதினார்கள் என்பதோ பதிவைத் தொடங்கியவரின் சர்வருக்குத்தான் ஓரளவு முழுமையாகத் தெரியும். அதனால் சிறிய சர்வரில் இருப்பவர், ஏற்கெனவே இருபது பேர் சொல்லிவிட்ட விடையை முதன்முதலாகத் தானே சொல்வதாக எண்ணி எழுதிவிடுகிறார். கேள்வி கேட்டவருக்கோ அதே விடை திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது. இருவர் மீதும் குற்றமில்லை, இருவரும் பார்ப்பது வெவ்வேறு உரையாடலை. அசல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுவது நீண்ட காலம் இதற்கு மாற்றுவழியாக இருந்தது. 2025-இல் வந்த பதிப்புகளில், விடுபட்ட பதில்களைச் சர்வரே தேடி எடுத்து வரும் வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் தாமதமானாலும் மிகவும் வரவேற்கத்தக்க மாற்றம் இது.

இன்னொரு நுட்பமும் அறிந்துகொள்ள வேண்டியது. மாஸ்டடானில் ஒவ்வொரு பதிவுக்கும் அது யாருக்குத் தெரிய வேண்டும் என்று தனித்தனியே முடிவு செய்யலாம். "பின்தொடர்பவர்களுக்கு மட்டும்" என்று நீங்கள் எழுதிய பதிவுக்கு உங்கள் நண்பர் அதே நிலையில் பதில் எழுதினால், அது அவரைப் பின்தொடர்பவர்களுக்கும் உங்களுக்கும் தெரியும், உங்களைப் பின்தொடரும் மற்றவர்களுக்குத் தெரியாது. ஓர் அறைக்குள் எல்லோரும் பேசுவதாக நாம் நினைத்திருக்க, ஒவ்வொருவர் குரலும் வேறு வேறு கூட்டத்துக்குக் கேட்கிறது.

புளூஸ்கையில் இந்தச் சிக்கல் ஏன் இல்லை?

புளூஸ்கையிலும் ஒவ்வொருவரின் பதிவுகளும் அவரவர் தரவுக் களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் களஞ்சியங்கள் எல்லாவற்றிலும் நிகழும் மாற்றங்களைத் திரட்டி ஒரே ஓடையாகத் தரும் இடைநிலை அமைப்பு ஒன்றும், அந்த ஓடையிலிருந்து இழைகளைக் கட்டியெழுப்பும் மற்றோர் அமைப்பும் இருக்கின்றன. பதில்கள் யாவும் ஓரிடத்தில் தொகுக்கப்படுவதால், பார்ப்பவர் எந்தக் களஞ்சியத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒரே இழையைக் காண்கிறார். ஒவ்வொரு பதிலிலும் முதற்பதிவின் முகவரி இருப்பதால், ஓர் இழையின் பதில்களை எல்லாம் சேர்த்தெடுப்பதும் எளிதாகிறது.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அப்படித் திரட்டும் அமைப்பை நடத்துவதற்குப் பெரிய வளம் வேண்டும், நடைமுறையில் பெரும்பாலோர் புளூஸ்கை நிறுவனத்தின் அமைப்பையே சார்ந்திருக்கிறார்கள். ஒரு நூலகமோ சிறு குழுவோ தன் சொந்தக் கணினியில் மாஸ்டடான் நடத்துவது போல, புளூஸ்கையின் முழுப் பார்வையையும் நடத்துவது எளிதன்று. உரையாடலின் முழுமையா, அதை நடத்துவோரின் பன்மையா என்ற இந்தத் தேர்வில் இரண்டு சேவைகளும் இரண்டு பக்கம் நிற்கின்றன.

த்ரெட்ஸ் எந்த அணியில் சேரும்?

2023 ஜூலையில் மெட்டா தொடங்கிய த்ரெட்ஸ், உரையாடல் அமைப்பில் எக்ஸை ஒட்டியே செல்கிறது. ஒரு பதிவுக்கு 500 எழுத்துகள், பதில்களும் பதிவுகளே, யார் பதில் எழுதலாம் என்ற தேர்வும் உண்டு. 2024 முதல் பல நாடுகளின் பயனர்கள் விரும்பினால் தங்கள் பதிவுகளை ஆக்டிவிட்டிபப் வழியாக மாஸ்டடானிலும் தெரியச் செய்யலாம். ஆனால் அந்த விருப்பத்தைத் தேர்ந்தவர்களும் தேராதவர்களும் ஒரே இழையில் கலந்து பேசும்போது, மாஸ்டடான் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு உரையாடலின் ஒரு பகுதியே தெரியும்.

மேற்கோள் பதிவை உரையாடலின் பகுதியாகக் கருதலாமா?

ட்விட்டர் 2015-இல் கருத்துடன் மறுபகிர்வு செய்யும் முறையைக் கொண்டுவந்த நாளிலிருந்து இது விவாதத்துக்குரியது. பதில் எழுதுபவர் பேசுவது பதிவர் முகத்தைப் பார்த்து. மேற்கோள் காட்டுபவரோ தன்னைப் பின்தொடர்பவர்களை நோக்கித் திரும்பிக்கொண்டு அந்தப் பதிவரைப் பற்றிப் பேசுகிறார். நல்ல கட்டுரையொன்றை அறிமுகப்படுத்தவும் அது உதவுகிறது, ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து இழிவுபடுத்தவும் அது உதவுகிறது. இந்த இரண்டாவது பயனை அஞ்சியே மாஸ்டடான் பல ஆண்டுகள் மேற்கோள் வசதியைச் சேர்க்க மறுத்தது. 2025-இல் சேர்த்தபோது, தன் பதிவை யார் மேற்கோள் காட்டலாம் என்பதைப் பதிவரே தீர்மானிக்கும் உரிமையோடு சேர்த்தது. புளூஸ்கையில் 2024 முதல், பிறர் மேற்கோளிலிருந்து தன் பதிவைப் பதிவர் பிரித்தெடுத்துவிடலாம்.

மேற்கோள்களில் நடக்கும் பேச்சு முதல் இழையில் தெரிவதில்லை என்பது வாசகர் கவனிக்க வேண்டிய மற்றொரு குறை. ஒரே பதிவைச் சுற்றிப் பத்து வட்டங்களில் பேச்சு நடக்க, ஒரு வட்டத்தாருக்கு மற்றதில் என்ன முடிவு எட்டப்பட்டது என்பதே தெரியாது.

என் பதிவின் கீழே யார் எழுதலாம் என்பதை நான் தீர்மானிக்க முடியுமா? அது நியாயமா?

ட்விட்டரில் 2019 நவம்பர் முதல் பதில்களை மறைக்கவும், 2020 ஆகஸ்ட் முதல் பதில் எழுதுவோரைக் கட்டுப்படுத்தவும் வழி வந்தது. மறைக்கப்பட்ட பதிலை விரும்புபவர் தனியே திறந்து பார்க்கலாம் என்பதால், அது நீக்கம் ஆகாது. புளூஸ்கையில் இழையைத் தொடங்கியவர் ஒரு வாயில் விதியை வைக்கலாம்: யாரும் எழுதக் கூடாது, நான் விளித்தவர்கள் மட்டும், நான் பின்தொடர்பவர்கள் மட்டும், ஒரு பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் என்று. விதியை மீறி வரும் பதிலை இழையைக் கட்டும் அமைப்பு காட்டாது. மாஸ்டடான் போன்ற கூட்டமைப்பில் இத்தகைய விதியை வைப்பது கடினம், ஏனெனில் பதில் பிறப்பதும் பரவுவதும் வேறொருவரின் சர்வரில்.

நியாயம் பற்றிய கேள்விக்கு இரு பக்க விடை உண்டு. தொடர் வசவுகளுக்கு இலக்காகும் பெண்களும், சாதியின் பெயரால் தாக்கப்படுபவர்களும் தங்கள் பதிவின் கீழ்ப்பகுதியைத் தாங்களே காக்க முடிவது அவர்கள் பேசுவதற்கே முன்நிபந்தனை. ஓர் அமைச்சரோ அரசுத் துறையோ தன் அறிவிப்பின் கீழே கேள்விகளை அடைத்துவிட்டால், அதே கருவி பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வழியாகிறது. பொதுப் பதவியில் இருப்பவர்கள் பதில்களைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இழையின் நடுவில் ஒரு பதிவு நீக்கப்பட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் சேமிப்பு முறையின் வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது. கருத்துப் பகுதி முறையில் இயங்கும் சேவைகளில், தொடங்கியவர் பதிவை நீக்கினால் கீழே நூறு பேர் எழுதியதும் அதோடு போய்விடும். எக்ஸில் மற்றவர்களின் பதில்கள் நிலைத்திருக்கும், நீக்கப்பட்ட இடத்தில் அந்தப் பதிவு கிடைக்கவில்லை என்ற குறிப்பு மட்டும் நிற்கும். மாஸ்டடானில் தாய்ப்பதிவு நீங்கும்போது அதன் பதில்களில் இருந்த சுட்டும் அழிக்கப்படுவதால், இழை துண்டுகளாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்கும். புளூஸ்கையில் பதிலிலேயே முதற்பதிவின் முகவரியும் இருப்பதால், நடுக்கண்ணி போனாலும் நீக்கப்பட்டது என்ற அடையாளத்தோடு இழை தன் வடிவத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது.

தன் சொற்களைத் திரும்பப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் பிறர் சொற்களையும் சேர்த்து அழிக்கும் உரிமை எவருக்கும் இருக்கக் கூடாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு எழுத்து எல்லை வேறு விதமாக அமைகிறதா?

ஆம், உரையாடலின் நீளத்தையே அது பாதிக்கிறது. எக்ஸ், யூனிகோட் குறியீடுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவதால், தமிழில் புள்ளியும் ஒவ்வோர் உயிர்க்குறியும் தனி எழுத்தாக எண்ணப்படுகின்றன. மூன்றே எழுத்துள்ள "தமிழ்" என்ற சொல்லுக்கு அங்கே 5 செலவாகிறது, "கொள்கை" என்ற சொல்லுக்கு 6. புளூஸ்கை கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தையே ஓர் அலகாக எண்ணுவதால், இரண்டு சொற்களும் மும்மூன்று அலகுகளே. ஆகவே 280, 300 என்று பார்வைக்கு நெருங்கிய எண்களாக இருந்தாலும், தமிழில் எழுதும்போது புளூஸ்கைப் பதிவில் கணிசமாகக் கூடுதல் சொற்கள் அடங்கும். எக்ஸில் கட்டணச் சந்தா செலுத்துபவர்களுக்கு 2023 முதல் மிக நீண்ட பதிவுகள் எழுத இடமுண்டு, மற்றவர்கள் ஒரே வாதத்தை இரண்டு மூன்று பதில்களாகப் பிரிக்க நேர்கிறது. அப்படிப் பிரித்த பதில்களில் முதலாவதுக்கு மட்டும் மறுப்பு வந்து, அடுத்ததைப் படிக்காமலே விவாதம் திசைமாறுவதை எவரும் பார்த்திருப்பார்கள்.

பதில்கள் எந்த வரிசையில் தெரிகின்றன?

எக்ஸில் நேர வரிசை இயல்பான வரிசை அல்ல. கட்டணச் சந்தாதாரர்களின் பதில்களுக்கு முன்னுரிமை தரப்படுவதாக நிறுவனமே அறிவித்துள்ளது. கேள்விக்குத் துல்லியமான விடை சொன்னவர் கீழே எங்கோ கிடக்க, பொருளோடு தொடர்பில்லாத ஒற்றை வரி மேலே நிற்பது இதனால் நேர்கிறது. பணம் செலுத்தியவர் முதலில் பேசுவது எந்த அவைக்கும் அழகல்ல. மேலும் 2023 முதல், கணக்கில் நுழையாமல் பார்ப்பவருக்கு எக்ஸில் தனிப் பதிவு தெரிந்தாலும் பதில்கள் தெரிவதில்லை. மாஸ்டடானிலும் புளூஸ்கையிலும் பொதுவான இழைகளைக் கணக்கில்லாமலும் பொதுவாகப் படிக்க முடிகிறது.

சேவையே மூடப்பட்டால் நம் உரையாடல்கள் என்னவாகும்?

பதிவர் தன் பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ள முடிந்தாலும், அவருக்கு வந்த பதில்கள் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை, கையில் மிஞ்சுவது ஒருபக்கப் பேச்சு மட்டுமே. 2020-இல் இந்தியாவில் தொடங்கித் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இயங்கிய கூ, 2024 ஜூலையில் மூடப்பட்டபோது அங்கே நடந்த பேச்சுகள் இந்த நிலையைத்தான் எதிர்கொண்டன. முக்கியமான உரையாடல் ஒன்று நடந்து முடிந்ததும், பங்கேற்றவர்களின் ஒப்புதலோடு அதை உரையாக வேறிடத்தில் தொகுத்து வைப்பது நல்ல பழக்கம். திரைப்பிடிப்பு மட்டும் எடுத்து வைத்தால் பின்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு சேவை உரையாடலுக்கு ஏற்றதா என்று நானே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஐம்பது பதில்களுக்கு மேல் வந்த ஒரு பதிவைத் தேர்ந்தெடுங்கள். முதற்பதிவிலிருந்து தொடங்காமல், நடுவில் உள்ள ஏதாவது ஒரு பதிலின் முகவரியை நேரடியாகத் திறந்து, அங்கிருந்து தொடக்கத்துக்குப் போக முடிகிறதா, அந்தப் பதிலிலிருந்து பிரிந்த கிளைகள் எல்லாம் தெரிகின்றனவா என்று பாருங்கள். தேடலிலிருந்தோ நண்பர் அனுப்பிய இணைப்பிலிருந்தோ வரும் புதியவர் எப்போதும் நடுவில்தான் வந்து இறங்குகிறார் என்பதால், இதை முதல் சோதனையாக வைக்கிறேன். பிறகு அதே முகவரியைக் கணக்கில் நுழையாமல் வேறொரு உலாவியில் திறந்து, எத்தனை பதில்கள் குறைகின்றன என்று ஒப்பிடுங்கள். நண்பர் இருவரோடு ஒரு சிறு இழையைத் தொடங்கி, நடுப்பதிவை நீக்கிவிட்டு, மீதமுள்ளவை எப்படி நிற்கின்றன என்பதையும் காணுங்கள். மாஸ்டடானாக இருந்தால் இந்தச் சோதனைகளைப் பெரிய சர்வர் ஒன்றிலிருந்தும் சிறிய சர்வர் ஒன்றிலிருந்தும் தனித்தனியே செய்ய வேண்டும், ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதற்குப் பொருந்தாது.